பிடித்தவன் கோபி, கலைத்தவன் நான்

1

ஊரிலிருந்து பொன்னம்பலம் அண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதம் போடுவார். நீல வான்கடிதத்தில் ஓரம் விடாமல் எழுதி, இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்பிலும் எழுதுவார். நான் கத்தியால் கவனமாக வெட்டித் திறந்து கன்னத்தைத் தோளில் சாய்த்து வாசிக்க வேண்டும். போன கிழமை வந்த கடிதத்தில் மழை, கிணறு, லொறியின் சில்லு எல்லாம் முடிந்த பிறகு, மடிப்பில் இது இருந்தது:

“தம்பி செல்லராசா, மலர் அனுப்பின படம் பாத்தன். தலையிலை பானையைக் கவிட்டு, தோளுக்குள்ளை தலாணியை வைச்சுத் தைச்சுக்கொண்டு நிக்கிறாய். ஏதோ புது விளையாட்டாம். அது உன்ரை பாடு. எத்தினை பிடி பிடிச்சனி? அதை மட்டும் எழுது.”

ஒரு சொல்லில் பதில் எழுதலாம். ஒன்றுமில்லை. இரண்டு வருசம் ஆடிவிட்டேன், ஒரு பிடியும் என் பெயரில் இல்லை. அதே நேரம், நான் இல்லாமல் எங்கள் அணி மைதானத்தில் இறங்காது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் “வெளிநாடு போயும் இவன்ரை புளுகு குறையேல்லை” என்று அண்ணை சொல்வார். அதனால் பத்திரிகைக்கே எழுதுகிறேன். அண்ணை சலூனில் தலைமயிர் வெட்டக் குந்தியிருக்கும்போது இதை வாசிப்பார். பக்கத்தில் நாலு பேர் சாட்சியாக இருப்பார்கள்.

எழுத நேரம் எப்படி வந்தது என்றால், இடது கைச் சின்ன விரல் உடைந்துவிட்டது. மூன்று கிழமைக்குக் கையை நனைக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். நான் சுவிசில், ஓர்லிகோன் என்ற இடத்தில், ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் கோப்பை கழுவுகிறவன். கோப்பை கழுவுகிறவனைக் கையை நனைக்காதே என்று சொன்னால் வேறு என்ன செய்வது, எழுத்தாளன் ஆக வேண்டியதுதான். நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அதில் ஐந்தாம் வகுப்புக்கு என்னை மிகவும் பிடித்துப்போய் இரண்டு வருசம் வைத்திருந்தது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகளிடம் காட்டித் திருத்தலாம் என்றால், சுதாவுக்கு ஐந்து வயது. தமிழில் அவளுக்கு ‘அ’ தெரியும், ‘ஆ’வில் சந்தேகம்.

2

விளையாட்டின் பெயர் அமெரிக்க உதைபந்தாட்டம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பந்தை உதைப்பது எப்போதாவது ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் ஆளை ஆள் இடிப்பதுதான். பந்தும் உருண்டை இல்லை. இரண்டு பக்கமும் கூரான, கட்டையான பப்பாப்பழம்.

அண்ணைக்கு விளங்க இவ்வளவு போதும். எதிர் அணியில் ஒருவன் பந்தை வாங்கிக்கொண்டு ஏழெட்டு அடி பின்வாங்கி நிற்பான். தூரத்தில் ஓடுகிற தன் ஆளைப் பார்த்து எறிவான். அவனை நான் எறிகாரன் என்று சொல்லுகிறேன். அவனுக்கு முன்னால் ஐந்து காவல்காரர் அலுமாரி அடுக்கினதுபோல நிற்பார்கள். அந்த வரிசையின் இந்த ஓரத்தில் எங்கள் ஆள் ஒருவன், அந்த ஓரத்தில் இன்னொருவன். ஓரக்காரர். நாங்கள் அலுமாரியைச் சுற்றியோ தள்ளியோ உள்ளே போய், பந்தை எறிய முதல் எறிகாரனைப் பிடித்து விழுத்த வேண்டும். அதுதான் பிடி.

மூன்று நாலு செக்கன்தான் எல்லாம். அதற்குள் எறிகாரனுக்கு மனது குழம்பினால், பின்னால் நிற்கிற எங்கள் ஆட்களுக்கு வேலை பாதி. குழம்பாவிட்டால் அவர்கள் எவ்வளவு ஓடியும் பிரயோசனமில்லை. ஒரு அணியின் காவல் முழுக்க அந்த இரண்டு ஓரத்தில் தொங்குகிறது. இதை ஒரு ஓரக்காரன் சொல்வதால் நீங்கள் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். நான் கழிக்கமாட்டேன்.

3

மற்ற ஓரக்காரன் கோபி. தமிழ்ப் பொடியன் இல்லை. இங்கே யாக்கோப் என்ற பெயரைச் சுருக்கி அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் தடவை அவன் சாப்பிட வருகிறான் என்று சொன்னபோது என் மனைவி மலர், “கோபியோ? எந்தப் பக்கத்து ஆள், வடமராட்சியோ?” என்று கேட்டுவிட்டு மரக்கறி தனியாகச் சமைத்தாள். கதவைத் திறந்தால் நூற்றுப்பத்துக் கிலோவில் ஒரு சுவிஸ்காரன், கையில் மூன்று முழ நீளத் தொத்திறைச்சியோடு நிற்கிறான்.

கோபி இறைச்சிக் கடையில் வேலை. எங்கள் கன்ரீனுக்கு இறைச்சி கொண்டுவருகிறவன். ஒருநாள் கன்ரீனின் ஒடுங்கிய நடைவழியில் அவன் தோளில் பாதிப் பன்றியோடு வருகிறான், நான் முப்பது கோப்பையோடு போகிறேன். வழிவிட இடமில்லை. நான் பன்றிக்குக் கீழால் குனிந்து, அவன் விலாவுக்கும் சுவருக்கும் நடுவில் நழுவி மற்றப் பக்கம் போய்விட்டேன். கோப்பை சத்தம்கூட வரவில்லை. கோபி திரும்பினான்.

“இன்னொருக்கா செய்.”

“கோப்பையோடையோ, இல்லாமலோ?”

“கோப்பையோடை.”

செய்தேன். (அவன் பேசியது சுவிஸ் ஜெர்மன். நான் எங்கள் பாசையில் போடுகிறேன். அப்போது எனக்குப் பாதிதான் விளங்கியது, மிச்சப் பாதியைச் சிரித்துச் சமாளித்தேன்.)

“சனிக்கிழமை மைதானத்துக்கு வா. ஆள் போதாது” என்றான்.

கோபி ஒரு மல்லன். அவர்கள் ஊரில் மரத்தூளைப் பரப்பி, சாக்குத்துணிக் காற்சட்டையை மேலே போட்டு, ஒருவன் மற்றவனின் காற்சட்டையைப் பிடித்துத் தூக்கி மல்லாத்துவார்கள். வென்றவன் தோற்றவனின் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தன் கையாலேயே தட்டிவிட வேண்டும். அது அவர்கள் முறை. அந்த முறையைக் கோபி எங்கேயும் விடமாட்டான். புல்லில் ஆடும்போதும், விழுத்தினவனைத் தூக்கி நிறுத்தி முதுகைத் தட்டிக்கொண்டு நிற்பான். அதற்குள் பந்து எங்கேயோ போயிருக்கும்.

இந்த விசயத்தில் அவனைப் பார்த்து நான் சிரிக்க முடியாது. நான் செய்ததைக் கேளுங்கள்.

4

எங்கள் பயிற்சியாளர் வால்ட்டர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பிக்கிறவர். ஒரு வருசம் அமெரிக்காவில் இருந்துவிட்டு ஒரு தடித்த புத்தகத்தோடு திரும்பியவர். எதைக் கேட்டாலும் புத்தகத்தைத் திறப்பார். வலக்கையால் எறிகிறவன் நிற்கும்போது அவனுடைய இடப்பக்கம் முதுகுப்பக்கம் ஆகிவிடும். வேகமானவன் அந்த முதுகுப்பக்கத்தால் வரவேண்டும், பாரமானவன் முகப்பக்கத்தால் வரவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. ஆகவே நான் முதுகுப்பக்கம், கோபி முகப்பக்கம்.

முதலாவது ஆட்டம். பந்து கைமாறியதும் என் வாய் தானாகவே “கபடிக் கபடிக் கபடி” என்று தொடங்கிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு அலுமாரியைச் சுற்றி ஓடினேன். எறிகாரனின் முதுகு எனக்கு முன்னால் விரித்த பாய் மாதிரி இருந்தது. ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். தட்டிவிட்டு, திரும்பி, எங்கள் பக்கக் கோட்டைக் கடக்கும் வரை மூச்சு விடாமல் ஓடி வந்து, இரண்டு கையையும் தூக்கினேன். சனம் கத்தியது. எனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

எறிகாரன் ஆறுதலாக எறிந்து, அவர்களுடைய ஆள் பிடித்து, ஆறு புள்ளி எடுத்திருந்தார்கள்.

வால்ட்டர் வந்தார்.

“நீ என்ன செய்தாய்?”

“தொட்டிட்டு வந்திட்டன்.”

“ஏன் வந்தாய்?”

“வராட்டில் நான் அவுட் எல்லோ!”

வால்ட்டர் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதில் இதற்கு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கோபி சிரித்துச் சிரித்துப் புல்லில் உருண்டான். பிறகு எழும்பி வந்து, “மச்சான், இங்கை திரும்பி வரத் தேவையில்லை. போனால் அங்கேயே இரு” என்றான். ‘மச்சான்’ நான் அவனுக்குக் கற்பித்த முதல் தமிழ்ச் சொல். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் மிகவும் உதவியதும் அவன் சொன்னதுதான். அகதி விண்ணப்பத்துக்கும் பொருந்தும்.

அந்த ஆட்டத்துக்கு மலரும் சுதாவும் வந்திருந்தார்கள். சுதா வேலியைப் பிடித்துக்கொண்டு முழு நேரமும் “ஹொப் கோபி! ஹொப் கோபி!” என்று கத்தினாள். ஒருமுறையாவது “ஹொப் அப்பா” என்று வரும் எனப் பார்த்தேன். வரவில்லை.

5

அந்தப் பருவம் முழுக்க நான் முதுகுப்பக்கத்தால் மின்னல்போலப் போனேன். மின்னல் எங்கே போகிறது என்று மின்னலுக்கே தெரியாது. நான் வளைந்து பின்னால் போய்ச் சேர, எறிகாரன் ஒரே ஒரு அடி முன்னுக்கு வைப்பான். நான் அவனுக்குப் பின்னால் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போவேன். மற்றப் பக்கத்தில் கோபியை இரண்டு பேர் சேர்ந்து பிடித்துவைத்திருப்பார்கள். அவனை எறிகாரன் நேரே பார்த்துக்கொண்டு நிற்பான். நூற்றுப்பத்துக் கிலோ வருவதை யார்தான் பார்க்கமாட்டார்கள்?

சில அணிகள் எறிவதையே விட்டுவிட்டு, பந்தைக் கட்டிக்கொண்டு நேரே என் ஓரத்தால் ஓடத் தொடங்கின. என் எடை பானையோடு சேர்த்து அறுபத்திரண்டு கிலோ. என்மேல் ஓடுவது ரோட்டில் பொலித்தீன் பைக்கு மேலால் சைக்கிள் விடுவதுபோல.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது வால்ட்டர் என்னைக் கூப்பிட்டார். அவரிடம் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் இருந்தது. யார் எத்தனை பிடி என்று அதில் கோடு போட்டு வைப்பார். என் பெயருக்கு நேரே வெள்ளைத் தாள்.

“ராசா, கிளப்பில் சின்ன ஹெல்மெட் ஒண்டுதான் இருக்கு. அதை நீ போட்டிருக்கிறாய். அடுத்த வருசத்துக்கு ஒருத்தன் கேக்கிறான். எண்பத்தைஞ்சு கிலோ. சூக்கில் நடக்கிற ஆட்டத்தில் நீ ஒரு பிடியாவது பிடிச்சால் ஹெல்மெட் உனக்கு. இல்லாட்டில் அவனுக்கு.”

நீதியான கதைதான். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு ட்ராம் எடுக்காமல் நடந்தே வந்தேன்.

வெளியில் நான் யார்? அகதிக் கந்தோரில் ஒரு பைல் இலக்கம். கன்ரீனில் ஈரக் கை. கடையில் நான் வாய் திறந்தால் காசாளர்ப் பெண் சுதாவைப் பார்த்துக் கேட்பாள், மகள் எனக்குப் பதிலாகக் கதைப்பாள். அந்தப் பானையைத் தலையில் போட்டால் மட்டும் யாரும் “எந்த நாடு, ஏன் வந்தாய், எப்ப போவாய்” என்று கேட்பதில்லை. முன்னால் நிற்கிற அலுமாரிக்கு ஒரே ஒரு கவலை, இவனை எப்படி மறிப்பது. அந்தக் கவலையை ஒருவன் முகத்தில் பார்ப்பது எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமோ?

6

சூக் வேறு கன்டோன், அதாவது வேறு மாகாணம். அகதி விண்ணப்பம் முடியாதவன் மாகாணம் தாண்ட முதல் கேட்டுவிட்டுப் போவது நல்லது என்று எங்கள் ஆட்கள் வெருட்டினார்கள். கந்தோருக்குக் கேட்கப் போனேன். யன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு உத்தியோகத்தர்.

“பயணத்தின் நோக்கம்?”

“ஒரு ஆளை விழுத்த வேணும்.”

பேனா நின்றது.

“உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“இல்லை. அமெரிக்கன் எண்டு கேள்வி.”

“நீங்கள் வருவது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு.”

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நான் பையிலிருந்து பானையை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் ‘விளையாட்டு’ என்று எழுதி, கூட வருகிற மலரையும் சுதாவையும் சேர்த்து முத்திரை குத்தித் தந்தார். நான் கதவடிக்குப் போனபிறகு, “வெற்றி பெற வாழ்த்துகள்” என்ற குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்து அடுத்த பைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

இந்த இடத்தில் அண்ணை கொஞ்சம் நிமிர்ந்து இருக்க வேண்டும். சலூன்காரரும் கத்தரிக்கோலை நிறுத்தலாம்.

ஊரில் எங்கள் கபடிக் குழுவில் இடது மூலை நான், வலது மூலை பொன்னம்பலம் அண்ணை. பாடி வருகிறவன் முன்னால் நான் துள்ளுவேன், காலை நீட்டுவேன், பல்லைக் காட்டுவேன், பிடிக்கப் பாய்வதுபோலப் பாய்ந்து பின்வாங்குவேன். அவன் கண் என்னிடம் வந்துவிடும். மற்ற மூலையிலிருந்து அண்ணை சத்தமில்லாமல் வந்து கணுக்காலைப் பிடிப்பார். லொறி ஸ்ரியறிங் பிடித்த கை, விடாது. பாடி வருகிறவனின் கண்ணை வாங்குவது என் வேலை, காலை வாங்குவது அண்ணையின் வேலை. சிறந்த பிடிகாரன் கிண்ணம் ஒவ்வொரு வருசமும் அண்ணைக்கு. கண்ணை வாங்கினவனுக்கு எங்கேயும் கிண்ணம் கிடையாது.

கடைசியாக நாங்கள் ஆடிய இறுதி ஆட்டத்தில், வெற்றிக்கு ஒரு பிடி தேவையாக இருந்த நேரத்தில், பாடி வந்தவன் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். அண்ணை தன் இடத்தில் ஆயத்தமாக நின்றார். நான் மூலையை விட்டு முன்னுக்கு வந்து விழுந்தேன். நான் விட்ட இடைவெளியால் அவன் எங்கள் இரண்டு பேரையும் தொட்டுக்கொண்டு போய்விட்டான். தோற்றோம். கால் வழுக்கிவிட்டது என்று அண்ணையிடம் சொன்னேன். அண்ணை என் முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்டார்.

சூக்குக்குப் போக மூன்று நாள் இருக்கும்போது கோபி எங்கள் வீட்டில் சாப்பிட வந்தான். மலர் றோல்ஸ் சுட்டிருந்தாள். நான் மேசையில் ஐந்து றோல்ஸை வரிசையாக அடுக்கினேன். அதுதான் காவல்காரர். பின்னால் ஒரு கடலை வடை, எறிகாரன். ஒரு பக்கத்தில் உருளைக்கிழங்கு, கோபி. மற்றப் பக்கத்தில் செத்தல் மிளகாய், நான்.

சுதா மிளகாயைச் சுட்டிக் கோபியிடம் சொன்னாள், “அப்பா மெல்லிசு.” பிறகு என்னைப் பார்த்து, “நீ ஏன் பெருசா இல்லை?” என்றாள்.

“அப்பாவை நீ எண்டு சொல்லக்கூடாது, நீங்கள் எண்டு சொல்ல வேணும்” என்றாள் மலர்.

“கோபியை நான் நீ எண்டுதானே சொல்லுறன்.”

இந்த வழக்கில் நான் எப்போதும் தோற்கிறவன். அவளுக்குப் பாலர் பள்ளியில் எல்லாரும் ‘நீ’. சாமி கும்பிடும்போது மட்டும் ‘நீங்கள்’ என்கிறாள். அந்த வரிசையில் நானும் ஒருநாள் சேரலாம்.

நான் உருளைக்கிழங்கையும் மிளகாயையும் இடம் மாற்றி வைத்தேன்.

“கோபி, நான் முகப்பக்கத்தாலை வாறன். அவன் என்னைப் பாக்கட்டும். கத்திக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, அவன்ரை கண்ணுக்கு முன்னாலை வாறன். அவன் மற்றப் பக்கம் விலகுவான். அங்கை நீ.”

கோபி வடையை உருளைக்கிழங்கின் பக்கம் மெதுவாகத் தள்ளிப் பார்த்தான். பிறகு வடையை எடுத்து வாயில் போட்டான்.

“ஓம் மச்சான்” என்றான், வாய் நிறைய.

மலர் மட்டும் சிரிக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, அப்பிடியெண்டால் பிடியெல்லாம் கோபிக்கெல்லோ போகும்? உங்கடை பானை?”

நான் மிளகாயைக் கடித்தேன்.

8

சூக் பணக்கார ஊர். மைதானத்துப் புல்லைப் பார்த்தால் ஒருவன் இருந்து சீப்பால் வாரிவிட்டதுபோல இருந்தது. விழுவதற்கே கூச்சமாக இருந்தது. அவர்களுடைய எறிகாரன் ஆறடி அமெரிக்கன். கையை வீசினால் பந்து விசில் அடித்துக்கொண்டு போனது.

முதல் பாதியை வால்ட்டரின் புத்தகப்படி ஆடினோம். நான் முதுகுப்பக்கத்தால் போய்க் காற்றைப் பிடித்தேன். பன்னிரண்டுக்குப் பூச்சியம், அவர்கள் முன்னுக்கு. இடைவேளையில் நான் வால்ட்டரிடம் போய், இடம் மாற்றுவதைச் சொன்னேன். கையைக் காட்டி, துள்ளிக் காட்டி, எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்தேன்.

“வேகமானவன் முதுகுப்பக்கம். அதுதான் முறை” என்றார் வால்ட்டர்.

“அவனுக்கு என்னைத் தெரியாட்டில் எப்பிடி என்னட்டைப் பயப்பிடுவான்?” என்று கேட்டேன்.

வால்ட்டர் என்னுடைய அறுபத்திரண்டு கிலோவைப் பார்த்தார். “உன்னைத் தெரிஞ்சால் மட்டும் பயப்பிடுவானோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல கேள்விதான். கோபி சிரிக்கவில்லை. எழும்பிப் பானையைப் போட்டுக்கொண்டு, “நான் இடம் மாறுறன். பிழைச்சால் என்னை ஏசுங்கோ” என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனான். அவனைப் பிடித்து நிறுத்த அங்கே யாருக்கும் பலம் இல்லை.

இரண்டாம் பாதி. நான் முகப்பக்க ஓரத்தில் நின்றேன். பந்து கைமாறியதும் அடித்தொண்டையால் “கபடிக் கபடிக் கபடி” என்று கத்திக்கொண்டு போனேன். பின்னால் வளைந்து ஓடவில்லை. எறிகாரனின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே நின்று ஆடினேன். உள்ளே பாய்வதுபோலக் காட்டி வெளியே வந்தேன், வெளியே போவதுபோலக் காட்டி அலுமாரியின் கைக்குக் கீழால் புகுந்தேன். பாதிப் பன்றிக்குக் கீழால் முப்பது கோப்பையோடு போனவனுக்கு இது பெரிய வேலையில்லை. அமெரிக்கன் என்னைப் பார்த்தான். இது என்ன சென்மம் என்று பார்த்தான். பார்த்துக்கொண்டே இடப்பக்கம் இரண்டு அடி விலகினான்.

அங்கே கோபி, தனக்கு முன்னால் நின்ற ஒற்றை அலுமாரியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான். அமெரிக்கன் மல்லாந்து விழுந்தான். கோபி அவனைத் தூக்கி நிறுத்தி முதுகைத் தட்டிவிட்டான்.

அடுத்த தடவை, என்னை மறிக்க அவர்கள் இன்னொருவனையும் அனுப்பினார்கள். அறுபத்திரண்டு கிலோவுக்கு இரண்டு அலுமாரி! என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் அது. என்னிடம் இரண்டு பேர் வந்தால் கோபியிடம் ஒருவன்தான். கோபிக்கு ஒருவன் என்றால் அது ஆளில்லாத மாதிரி. இரண்டாவது பிடி.

அதற்குப் பிறகு அமெரிக்கன் எங்கள் இருவரையும் நினைத்து அவசரப்படத் தொடங்கினான். பிடிக்க வேண்டிய ஆள் ஆயத்தமாக முதலே எறிந்தான். ஒன்றை எங்கள் பின்வரிசைக்காரன் வழியில் மறித்துப் பிடித்து, அப்படியே ஓடிப் போய் ஆறு புள்ளி எடுத்தான். அவர்கள் என் ஓரத்தால் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் விழுத்தப் பாயவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் அடைத்துக்கொண்டு நின்று, ஓடுகிறவனை உள்ளே திருப்பிவிட்டேன். உள்ளே எங்கள் தடித்தவர்கள் காத்திருந்தார்கள். கோபிக்கு மூன்றாவது பிடியும் வந்தது. உதைத்து எடுத்த ஒன்றோடு சேர்த்து நாங்கள் இன்னொரு ஏழு புள்ளி எடுத்தோம். பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு. ஒரே ஒரு புள்ளி முன்னுக்கு.

கடைசி நிமிசம். பந்து அவர்களிடம். இன்னும் ஒரு நல்ல எறி எறிந்தால் ஆட்டம் அவர்களுக்கு.

நான் முன்னால் நின்றவனைச் சுற்றி வெளியால் வந்தேன். அமெரிக்கன் தூரத்தில் ஆளைத் தேடிக்கொண்டு எனக்குப் பக்கவாட்டைக் காட்டி நின்றான். நாலு அடி. வாழ்க்கையில் இவ்வளவு கிட்டப் போனதில்லை. பாய்ந்தால் பிடி. பிடித்தால் பானை எனக்கு. சனத்தின் பக்கத்தில் மலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. என் கால் எழும்பியும்விட்டது.

நான் பாய்ந்து தவறினால் என் பக்கத்தால் மைதானம் முழுக்கத் திறந்து கிடக்கும். அந்த இடைவெளி எனக்குத் தெரிந்த இடைவெளி.

எழும்பின காலைக் கீழே வைத்தேன். வெளிப்பக்கத்தை அடைத்து, இரண்டு கையையும் விரித்து, “கபடி!” என்று ஒரு கத்துக் கத்தினேன். அமெரிக்கன் திடுக்கிட்டுத் திரும்பினான். என்னைக் கண்டான். மற்றப் பக்கம் ஓடினான்.

கோபி அவனை அணைத்துக்கொண்டே விழுந்தான். பந்து கையிலிருந்து கழன்று புல்லில் உருண்டது. எங்கள் ஆள் ஒருவன் அதன்மேல் படுத்தான். நடுவர் விசில் ஊதினார்.

9

ஆட்டம் முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்துக் கத்தி ஓய்ந்த பிறகு, வால்ட்டர் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். பருவத்தின் கடைசிக் கணக்கை வாசிப்பது அவர் வழக்கம்.

“கோபி, இண்டைக்கு நாலு.” கைதட்டல். இன்னும் சில பெயர்கள். கடைசியில், “ராசா, இண்டைக்குப் பூச்சியம்.”

மனுசன் சந்தோசமாக வாசிக்கவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தானே. நான் பானையைக் கழற்றி, உள்ளே ஊறியிருந்த வேர்வையைத் துடைத்து, அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி சாமான் பையில் போட்டார். பகிடி ஒன்று விட வேண்டும் என்று தேடினேன். அன்றைக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

அப்போது அந்த அமெரிக்கன் கைகொடுக்க வந்தான். கோபியின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஏதோ சொல்லிவிட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வால்ட்டரிடம் கேட்டான். வால்ட்டரின் முகம் ஒரு மாதிரிப் போனது.

“என்னவாம்?” என்று நான் கோபியைக் கேட்டேன்.

“கத்தின ஆள் எங்கை எண்டு கேக்கிறான்.”

நான் கையைத் தூக்கினேன். பானை இல்லாமல் என்னைக் கண்டதும் அமெரிக்கன் ஒருமுறை கோபியைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, எனக்கு விளங்குகிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னான். கோபியை அவன் ஒருதரமும் காணவேயில்லையாம். விழுந்தபிறகுதான் கண்டானாம். “முழு நேரமும் நான் உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்” என்றான்.

கோபி எனக்குப் பின்னால் வந்து நின்றான். தன் தடித்த கையால் என் முதுகைத் தட்டத் தொடங்கினான், மேலிருந்து கீழே, ஆறுதலாக. என் முதுகில் ஒரு புல் ஒட்டியிருக்கவில்லை. நான் அன்றைக்கு விழவே இல்லை. அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

வால்ட்டர் குறிப்புப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். சாமான் பைக்குள் கையை விட்டு, பானையை வெளியே எடுத்து, உள்ளே மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இதை வீட்டை கொண்டுபோய்க் கழுவு. அடுத்த வருசம் கொண்டுவா. கழுவுறது உனக்குத் தெரியும்தானே?” என்று என்னிடம் தந்தார்.

10

இது நடந்து இப்போது ஒரு வருசம். இந்தப் பருவமும் முடிந்துவிட்டது. கோபிக்குப் பதினொரு பிடி. எனக்கு வழக்கம்போல. எண்பத்தைந்து கிலோக்காரனும் சொந்தமாகப் பானை ஒன்று வாங்கிக்கொண்டு சேர்ந்துவிட்டான், நடுவில் நன்றாக ஆடுகிறான். விரல் உடைந்தது எப்படி என்றால், பயிற்சியில் நான் ஒருவனைக் கோபியிடம் கலைத்து விரட்டிக்கொண்டு போய், நேரத்துக்கு நிற்க மறந்து, நடுவில் அகப்பட்டுக்கொண்டேன். அதனால் கோபியிடம் போகிறவன் என்ன பாடுபடுகிறான் என்று இப்போது எனக்கும் தெரியும்.

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. காத்திருங்கள் என்று வருசத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. காத்திருக்கிறேன். போனால் அங்கேயே இரு என்று கோபி சொல்லியிருக்கிறான்.

போன செவ்வாய் சுதாவின் பாலர் பள்ளிக்குப் போனோம். அப்பாவுக்கு என்ன வேலை என்று ரீச்சர் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். வங்கி, ட்ராம், தையல் என்று ஒவ்வொன்றும் சொல்லியிருக்கிறது. சுதா சொன்னதை ரீச்சர் எங்களுக்குச் சொன்னார்: “என்ரை அப்பா ஆக்களைக் கலைப்பார். கோபி பிடிப்பான்.” இந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று அறியத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். மலர் விளங்கப்படுத்தி முடிக்கும் வரை நான் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை சரியாகத்தானே சொல்லியிருக்கிறாள். பெரியவர்களுக்கு ஒரு பருவம் எடுத்தது.

அண்ணை, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஒன்றுமில்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அந்த இறுதி ஆட்டத்தில் எனக்குக் கால் வழுக்கவில்லை. அன்றைக்கு மழையும் இல்லை, நிலம் காய்ந்து பாளம் வெடித்துக் கிடந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் எண்ணெய் பூசினீர்கள். கிண்ணம் எனக்கு வேண்டும் என்று பாய்ந்தேன். அந்தப் பிடி உங்களுடையது.

சலூனில் இருக்கிற நாலு பேரும் கேட்டிருப்பார்கள். கத்தரிக்கோலைத் தொடரச் சொல்லுங்கோ.